கோமளாவைக் கொஞ்சாதீங்க!

‘சரியான பச்சோந்திடா அவன்!’ என்று உங்கள் கேங்கில் யாரையாவது திட்டியிருக்கிறீர்களா? தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறும் தலைவர், இன்டர்னல் மார்க்குக்காக ஹெச்.ஓ.டி. பின்னாலேயே சுற்றும் பெஞ்ச்மேட், ஆள் செட் ஆனதும் நம்மைக் கண்டுகொள்ளாத உயிர்த்தோழன்... எல்லோருக்கும் நம்ம ஊரில் இந்த ஒரே பட்டம்தான். பாவம் அந்த ஜீவன்! ஒரு பச்சோந்தியோடு ஒரே ரூமில் குடித்தனம் நடத்துகிறவன் என்ற உரிமையில் சொல்றேன், மனசில் இருப்பதை மறைக்கவே தெரியாத பிராணி அது. கடுப்பானால் கறுக்கும். அசந்து தூங்கினால் வெளிறிப் போகும். குளிரடித்தால் வெயிலை இழுக்க உடம்பை இருட்டாக்கிக்கொள்ளும். பச்சை இலையில் உட்கார்ந்தால் பச்சை, சிவப்புச் சட்டையில் விட்டால் சிவப்பு என்பதெல்லாம் சினிமா. 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதன் சூட்சுமத்தையே கண்டுபிடித்துவிட்டார்கள். தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத குவானின் படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மூட் மாறும்போது அந்த அடுக்குகளின் இடைவெளி மாறுகிறது, திருப்பி அனுப்பும் ஒளியின் நிறமும் மாறுகிறது. அதாவது, உள்ளே என்ன நடக்கிறதோ அது வெளியே போஸ்டர் ஒட்டிவிடும். நம்மில் எத்தனை பேருக்கு இந்த நேர்மை இருக்கு, சொல்லுங்க?

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வேலியில் உட்கார்ந்து தலையாட்டுமே, கழுத்து சிவந்தால் ‘ரத்தம் உறிஞ்சுதுடா’ என்று பசங்க கல்லை எடுப்பார்களே, அது ஓணான். நிஜப் பச்சோந்திக்கு வால் கொசுவத்திச் சுருள் மாதிரி சுருளும். கால்விரல்கள் இடுக்கி மாதிரி கிளையைக் கவ்வும். கண்கள் இரண்டும் குட்டிக் கோபுரம் மாதிரி, ஒன்று கிழக்கே பார்த்தால் இன்னொன்று மேற்கே பார்க்கும். நடை? அரியர் எக்ஸாமுக்குப் போகிறவன் நடை. ஒரு அடி முன்னால் வைத்து, யோசித்து, ஆடி, மறுபடி அரை அடி.

நான் பாளையங்கோட்டைக்காரன். 2023-ல் எம்.எஸ். படிக்க டாலஸ் வந்தவன். எனக்கும் ஊர்வனவற்றுக்கும் ஊரில் எந்தச் சம்பந்தமும் கிடையாது, வீட்டுப் பல்லியைத் தவிர. இங்கே வாடகையைப் பங்கு போட்டுக்கொண்ட அமெரிக்க ரூம்மேட், ஹாலின் மூலையில் நாலடி உயரக் கம்பிவலைக் கூண்டு ஒன்று வைத்திருந்தான். உள்ளே செடிகள். செடிக்குள்ளே அவள். தலையில் முக்காடு போட்ட மாதிரி ஒரு கூம்பு. அதனாலேயே ஆங்கிலத்தில் ‘வெய்ல்டு கமீலியன்’ என்பார்கள். பூர்வீகம் ஏமனும் அதை ஒட்டிய சவூதியின் தென்மேற்கு மூலையும். ஆனால் இவள் பிறந்ததே அமெரிக்காவில், யாரோ ஒருவரின் இன்குபேட்டரில். அவன் வைத்த பெயர் வாயில் நுழையவில்லை. அந்த முக்காடும், எதற்கெடுத்தாலும் முறைக்கும் பார்வையும் பார்த்து நான் வைத்த பெயர் கோமளா.

2024 மே மாதம் ரூம்மேட்டுக்கு ஹொனலுலுவில் வேலை கிடைத்தது. ஹவாய்க்குள் பச்சோந்தியைக் கொண்டுபோனால் 2 லட்சம் டாலர் வரை அபராதம், மூன்று வருடம் வரை ஜெயில். ஒரு பல்லி வகையறாவுக்கு இவ்வளவு பில்டப்பா என்று கேட்காதீர்கள், பழைய கதை ஒன்று இருக்கு. 1972-ல் அங்கே ஒரு செல்லப்பிராணிக் கடைக்காரர் கென்யாவில் இருந்து மூன்று கொம்புப் பச்சோந்திகள் 36-ஐ வரவழைத்தார். வந்து சேர்ந்தபோது எல்லாம் வாடி வதங்கியிருந்தன. கொஞ்சம் தேறட்டுமே என்று வீட்டுத் தோட்டத்தில் விட்டார். தேறின. தேறிக் கிளம்பியும் போய்விட்டன! இன்று அந்தத் தீவுகளின் காடுகளில், உலகில் வேறெங்கும் இல்லாத நத்தைகளைத் தின்றுகொண்டிருக்கின்றன அவற்றின் பேரன் பேத்திகள். இரக்கம்தான் காரணம். அதனால் என்ன, நத்தைக்கு அது தெரியுமா?

ஆக, கோமளாவை யாரிடம் விடுவது என்று கேள்வி வந்தபோது, ரூம்மேட் என்னைக் கை காட்டினான். வீட்டில் நாலு பேர் இருக்க நான் ஏன்? அவன் சொன்ன காரணம் இன்னும் மறக்கவில்லை. “இங்கே வர்ற எல்லாரும் அவளைக் கையில தூக்கணும்னு கேட்டாங்க. நீ ஒருத்தன்தான் கேட்கலை.”

பச்சோந்தி வளர்ப்பின் அரிச்சுவடி இதுதான் நண்பர்களே. நாயை வளர்த்தால் வாலாட்டும். பூனைகூட இஷ்டம் இருந்தால் மடியில் ஏறும். இது எதுவும் செய்யாது. நீங்கள் கையை நீட்டினால், அதன் கணக்கில் மேலே இருந்து ஒரு பருந்து வருகிறது. கொஞ்சக் கொஞ்ச அதன் ஆயுள்தான் குறையும். உங்கள் அன்பை நீங்கள் விளக்கிலும், தண்ணீரிலும், பூச்சியிலும்தான் காட்ட முடியும். இதைக் கேட்டதும் ‘அப்புறம் எதுக்கு வளர்க்கணும்?’ என்று உங்களுக்குத் தோன்றினால், சபாஷ், மிகச் சரியான கேள்வி. அந்தக் கேள்வியோடேயே நிறுத்திக்கொள்கிறவர்கள் பச்சோந்திகளின் நண்பர்கள்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் வைத்தால் பக்கத்திலேயே தாகத்தில் கிடக்கும், குடிக்காது. இலையில் பனித்துளி மாதிரி உருள வேண்டும், அதை நக்கித்தான் குடிக்கும். அதனால் அதிகாலையும் ராத்திரியும் கூண்டுக்குள் தூறல் போட டைமர் வைத்த ஒரு மெஷின், பகலில் இலையில் சொட்டுச் சொட்டாக விழ மேலே ஒரு டப்பா. அடுத்தது வெளிச்சம். சூடு தரும் பல்பு ஒன்று, அதன் கீழே கிளையில் 29 டிகிரி செல்சியஸ் இருந்தால் பெண்ணுக்குப் போதும். கூடவே யு.வி.பி. குழல் விளக்கு. அது இல்லாவிட்டால் உடம்பில் டி3 வைட்டமின் உருவாகாது, டி3 இல்லாவிட்டால் கால்சியம் சேராது, எலும்பு ரப்பராக வளையும். ‘ஜன்னலோரம் வெச்சா வெயில் வருமே பாஸ்’ என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல், சாதாரண ஜன்னல் கண்ணாடி யு.வி.பி.யைத் தடுத்துவிடும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் அதிலிருந்து வரும் யு.வி.பி. மாதக்கணக்கில் தேய்ந்துகொண்டே போகும், காலக்கெடு வைத்து மாற்ற வேண்டும். செல்லத்தின் விலையைவிட அதன் கரன்ட் சாமான்களுக்கு நான் செய்த செலவு அதிகம்.

சாப்பாடு தனிக் காமெடி. ராத்திரி கட்டிலுக்கடியில் இருந்து கத்திக் கழுத்தறுக்குமே சுவர்க்கோழி, அதுதான் மெயின் மெனு. அதைக் காசு கொடுத்து டப்பா டப்பாவாக வாங்குகிறேன். வாங்கினால் போதுமா? அதன் வயிற்றில் சத்து இருந்தால்தான் கோமளாவுக்குச் சத்து. அதனால் பூச்சிகளுக்குக் கீரை, கேரட், ஆரஞ்சு. எனக்கு மேகி. பரிமாறும் முன்னால் பூச்சியை ஒரு டப்பாவில் போட்டு, கால்சியம் பொடியைத் தூவி, முறுக்கு மாவில் எள்ளுப் புரட்டுகிற மாதிரி ஒரு குலுக்கு. அப்புறம் அந்த நாக்கு! உடம்பைவிட நீளமாகப் பாய்ந்து, நீங்கள் கண் சிமிட்டுவதற்குள் வேலையை முடித்துத் திரும்பிவிடும். வாரம் நாலு தடவை ஃப்ரீ ஷோ.

இதெல்லாம் ரூம்மேட் விட்டுப்போன இரண்டு பக்கத் தாளில் இருந்தது. கடைசி வரியில் இதுவும் இருந்தது: ஏப்ரல் கடைசியில் ஒரு நண்பனின் ஆண் பச்சோந்தியோடு ஜோடி சேர்த்திருக்கிறேன், எந்நேரமும் முட்டையிடலாம்.

ஜோடி சேர்ப்பது என்றால் நம்ம டூயட் கற்பனைகளை எல்லாம் ஓரம் கட்டிவிடுங்கள். வருடம் முழுக்கத் தனிக் கூண்டு. ஒன்றை ஒன்று பார்த்தாலே டென்ஷன். பெண்ணுக்குச் சம்மதம் என்றால் உடம்பில் இளநீலப் புள்ளிகள் தெரியும், அப்போதுதான் பக்கத்தில் விட வேண்டும். காரியம் முடிந்த பிறகு அவள் கன்னங்கரேல் என்று கறுத்து, அதில் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளி வைத்து, வாயைப் பிளந்து சீறுவாள். ‘கிட்டே வந்தே, தொலைச்சேன்’ என்று இதைவிடத் தெளிவாக எந்த மொழியிலும் சொல்ல முடியாது. ஆண் உடனே வேறு கூண்டுக்குப் போய்விட வேண்டும்.

ஆபத்து அதற்கப்புறம்தான். இந்த இனத்தில் பெண்ணுக்கு ஆணே தேவையில்லை, கோழி மாதிரி, தனியாக இருந்தாலும் முட்டை போடும். பொரிக்காத முட்டை. தீனி எவ்வளவு அதிகமோ, சூடு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு முட்டை. முப்பது, நாற்பது, சில நேரம் எண்பதைத் தாண்டும்! பாசத்தில் மேலே மேலே ஊட்டுகிறவர்கள்தான் அதன் உடம்பைக் காலி செய்கிறார்கள். அதோடு, முட்டையிடத் தோதான மண் கிடைக்காவிட்டால் அவள் வெளியே விடவே மாட்டாள். உள்ளேயே அடக்கிவைத்துக்கொண்டு செத்துப்போவாள். நிறைய பெண் பச்சோந்திகளின் கதை வளர்ப்பவர்களின் வீட்டில் இப்படித்தான் முடிகிறது.

எனவே ஒரு பெரிய பக்கெட். ஒரு அடி ஆழத்துக்கு ஈர மணல். பதம் முக்கியம், கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், சுரங்கம் தோண்டினால் சரியக் கூடாது. மே கடைசி வாரம் கோமளா சாப்பாட்டை நிறுத்தினாள். எப்போதும் உச்சிக் கிளையைவிட்டு இறங்காதவள் தரையில் இறங்கி, கூண்டின் நாலு மூலையையும் பிறாண்டினாள். நான் பெட்ஷீட்டால் கூண்டை மூடினேன். தோண்டும்போது யாராவது பார்ப்பதாக அவளுக்குத் தெரிந்தால் போட்டது போட்டபடி விட்டுவிடுவாள் என்று தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது.

அதுவேதான் நடந்தது. முதல் நாள் பாதிச் சுரங்கம் தோண்டியிருந்தாள். ஊரிலிருந்து வந்த வேறொரு ரூம்மேட்டின் ஃப்ரெண்ட் ஆர்வக்கோளாறில் பெட்ஷீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டார். கோமளா அப்படியே உறைந்தாள். ஏறி மேலே போய்விட்டாள். மறுநாள் முழுக்க இறங்கவே இல்லை. இதில் கவனிக்க வேண்டியது கண்கள்தான். பகலில் பச்சோந்தி கண்ணை மூடினால் அது தூக்கம் இல்லை, எமர்ஜென்ஸி. ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை தரும் டாக்டர் முக்கால் மணி நேர டிரைவில் இருந்தார். நம்பரை எழுதிக் கதவில் ஒட்டினேன். ஹாலுக்குள் யாரும் வரக்கூடாது என்று நான் போட்ட 144-ஐ எல்லாரும் மதித்தார்கள். பழைய செல்போன் ஒன்றைக் கூண்டுக்குள் கேமராவாக மாட்டி, பக்கத்து ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் ஒரு பிராஜெக்ட் வேறு கொடுக்க வேண்டியிருந்தது.

அன்றைக்குத்தான் அம்மா போன்.

“என்னல பண்ணுத? முகமே சரியில்லயே.”

விஷயத்தைச் சொன்னேன்.

“ஏல, உன்னைய படிக்க அனுப்புனேனா, ஓணானுக்குப் பிரசவம் பாக்க அனுப்புனேனா?”

“ஓணான் இல்லம்மா, பச்சோந்தி.”

“ரெண்டும் ஒண்ணுதாம்ல... சரி, வலி எடுத்துட்டா?”

எடுத்துவிட்டது! மூன்றாம் நாள் சாயங்காலம் இறங்கினாள். பழைய குழியை விட்டுவிட்டு வேறு மூலையில் புதுசாகத் தோண்டினாள். ராத்திரி பதினொரு மணிக்கு வால் மட்டும் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. மறுநாள் மத்தியானம் மணல் பழையபடி மட்டமாக இருந்தது. தோண்டியதே தெரியாத மாதிரி மூடி, பின்னங்காலால் மிதித்து இறுக்கியிருந்தாள். உடம்பு பாதியாகி, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு, மேலே ஏறி உட்கார்ந்திருந்தாள். தூறல் மெஷினை ஆன் செய்தேன். கால் மணி நேரம் நிறுத்தாமல் குடித்தாள். நான் கதவிடுக்கில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் செய்ய முடியும்.

கரண்டியால் மெல்லத் தோண்டி எண்ணினேன். 38.

நம் ஊர் முட்டைகளைப் போல் ஓடு கிடையாது, தோல் மாதிரி மெத்தென்று, வெள்ளையாக, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசாக இருக்கும். எடுக்கும்போது புரட்டக்கூடாது, மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு அதே நிலையில் வைக்க வேண்டும். 38-ஐயும் வரிசையாகப் பார்த்தபோது சந்தோஷமாக இல்லை. பயமாக இருந்தது. அத்தனையும் பொரித்தால்? ஒவ்வொன்றுக்கும் தனி இடம், தனி விளக்கு, தனித் தண்ணீர். ஒன்றாக வளர்த்தால் வலியது எளியதை முறைத்தே பட்டினி போட்டுவிடும். ‘பத்து டாலருக்குக் குட்டிப் பச்சோந்தி’ என்று வாங்கிப்போய் கண்ணாடித் தொட்டியில் வைத்து, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, தினமும் கையில் எடுத்துக் கொஞ்சி, மூணே மாதத்தில் குப்பைக்கூடையில் போடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கலாம். நான் விசாரித்ததில் ஆசைப்பட்டவர்கள் ஒன்பது பேர். ‘யு.வி.பி. லைட் வாங்கிட்டீங்களா? கூண்டு போட்டோ அனுப்புங்க’ என்றதும் மிஞ்சியவர்கள் மூன்று பேர், ஆண் பச்சோந்தியின் சொந்தக்காரனையும் சேர்த்து.

எட்டு முட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டேன். மீதி முப்பதையும் அன்று ராத்திரியே ஃப்ரீஸரில் வைத்தேன்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் ‘அட கொலைகாரா’ என்று நினைக்கலாம். அம்மாவும் அப்படித்தான் கேட்டார்கள். “உசிருல்லால அது... பாவம் சுத்தாதா?” நான் விளக்கினேன். இந்த இனத்தின் முட்டை வெளியே வரும்போது உள்ளே குட்டி எதுவும் கிடையாது, கண், தலை, இதயம் எதுவும் உருவாகாத வெறும் செல்களின் தகடு. அப்புறமும் மாதக்கணக்கில் அப்படியே சும்மா இருக்கும். முட்டையிட்ட உடனேயே முடிவெடுத்தால் வலிக்க அங்கே ஆள் இல்லை. ஏழு மாதம் கழித்து, பிறந்த பிறகு, வேண்டாதவன் கையில் கொடுத்தால் எல்லாமே வலிக்கும். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்கள்: “நம்ம தெருவுல நாய்க்குட்டியளச் சாக்குல கட்டிக் கொண்டுபோய் ரயில்வே லயனுக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வருவாவல்லா... அதுக்கு இது தேவல.”

எனக்கு அந்த முப்பது பற்றி இன்னும் முழுச் சமாதானம் வரவில்லை. ஆனால் மறுபடியும் அதையேதான் செய்வேன்.

எட்டு முட்டைகள் ஒரு டப்பாவில், ஈரமான வெர்மிகுலைட்டில் பாதி புதைந்து, அலமாரிக்குள் 26 டிகிரி வாக்கில் உட்கார்ந்திருந்தன. இன்குபேட்டரெல்லாம் பந்தா, சீரான வெப்பம் இருந்தால் போதும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்... தீபாவளி போச்சு, செமஸ்டர் போச்சு. இரண்டு மஞ்சளாகிப் பூஞ்சை பிடித்தன. ஆறு மட்டும் வீங்கிக்கொண்டே வந்தன. 2025 ஜனவரி நடுவில் ஒரு காலை முட்டைகள் மேல் வியர்வை மாதிரி நீர்த்துளிகள். மறுநாள் நுனியில் நட்சத்திரமாக ஒரு கீறல். அதிலிருந்து ஒரு மூக்கு! வால் நீங்கலாக ஒரு அங்குலம், அதற்குள் கோபுரக் கண், இடுக்கிக் கால், சுருள் வால், என்னைப் பார்த்து முறைப்பு வேறு. அம்மா பெண்ணேதான். பின்னங்கால் குதிகாலில் குட்டி முள் இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண், பிறந்த அன்றே தெரிந்துவிடும். இரண்டு ஆண், நாலு பெண்.

முதல் சாப்பாடு என்ன தெரியுமா? டிரோசோபிலா! ஜுவாலஜி மேஜர் மக்களே, நீங்கள் பாட்டிலில் வளர்த்து, மயக்கம் போட வைத்து, கண் சிவப்பா வெள்ளையா என்று எண்ணி, ரெகார்டு நோட்டில் எழுதி சைன் வாங்குவீர்களே, அதே பழ ஈதான். பறக்க முடியாத ரகமாக வாங்கி, பாட்டில் பாட்டிலாக நானே வளர்த்தேன். மூன்று மாதம் ரூம் முழுக்கப் புளித்த வாழைப்பழ வாசனை. ஏப்ரலில் ஆறும் ஆறு வீட்டுக்குப் போயின. மூன்று பேருக்குத்தான் முதலில் இடம் இருந்தது. மற்ற மூன்றுக்கும் ஆள் பார்த்தது, அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்ததைவிடக் கஷ்டம்.

ஒன்று யோசியுங்கள். மடகாஸ்கரின் தென்மேற்கில் லபார்டு பச்சோந்தி என்று ஓர் இனம் இருக்கிறது. முட்டைக்குள் எட்டு, ஒன்பது மாதம். வெளியே வந்த பிறகு அதன் காட்டில் வாழ்வது நாலைந்து மாதம்தான். 2008-ல் ஆராய்ச்சியாளர்கள் இதை எழுதியபோது உலகமே வாயைப் பிளந்தது. அவ்வளவு சின்ன வாழ்க்கையிலும் வளர்ந்து, சண்டை போட்டு, ஜோடி தேடி, மண் தோண்டிவிட்டுப் போகிறது. அதற்கு நம் கொஞ்சல் எதற்கு?

இதைப் படித்துவிட்டு நீங்கள் யாரும் பச்சோந்தி வாங்கக் கிளம்பக்கூடாது. இந்தியாவில் இருப்பது ஒரே ஒரு இனம், தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளிலும் உண்டு. 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வெளிநாட்டு இனங்கள் சர்வதேச ஒப்பந்தக் கண்காணிப்பில் இருப்பவை. பெட்டிக்குள் அடைத்து பாங்காக்கில் இருந்து ஊர்வனவற்றைக் கடத்தி வந்தவர்கள் சென்னை ஏர்போர்ட்டில் மாட்டிய செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். பார்க்கத்தான் ஆசை என்றால், ஒரு மழைக்குப் பிறகு ஊர்ப்புறத்தில் பைக்கை மெதுவாக ஓட்டுங்கள். ரோட்டின் குறுக்கே ஒரு இலை ஆடி ஆடி நடந்துபோகும். வண்டியை நிறுத்துங்கள், பின்னால் வரும் வண்டிக்குக் கை காட்டுங்கள். செல்ஃபிக்காகக் கையில் எடுக்காதீர்கள். லாரி வந்தால் ஒரு குச்சியை நீட்டுங்கள், அதுவே பிடித்துக்கொள்ளும். அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துப் புதரில் விடுங்கள், வந்த பக்கத்தில் விட்டால் மறுபடி முதலில் இருந்து நடக்கும்.

கோமளா இப்போது இரண்டு நாளைக்கு ஒருமுறை நாலே பூச்சிதான் சாப்பிடுகிறாள், டயட். வெப்பத்தையும் குறைத்துவிட்டேன், முட்டைகள் குறையட்டும் என்று. அப்படியும் நேற்றில் இருந்து கீழே இறங்கி மூலையைப் பிறாண்டுகிறாள். ஒரு தடவை சேர்ந்த ஆணின் விந்தை மாதக்கணக்கில் சேமித்துவைத்து அடுத்த ஈட்டுக்கும் பயன்படுத்தும் ஆற்றல் இவர்களுக்கு உண்டாம். கூண்டின் மேல் பெட்ஷீட் போட்டாச்சு. மணல் பதமாக இருக்கு. கதவில் டாக்டர் நம்பர். நான் பக்கத்து ரூமில் இருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், எட்டிப் பார்க்காமல்.